டப்பாவில் இருக்கவேண்டிய ஸ்பிரிங்

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ரெண்டுதரம் என்று பேர். நட்டை முடுக்கிவிட்டுக் கையைத் துடைப்பார். துடைத்த கையோடு திரும்பி வந்து இன்னொரு தரம் ஸ்பானரைப் போட்டுப் பார்ப்பார். நல்ல மெக்கானிக் எல்லாருமே அப்படித்தான் என்பது அவருடைய வாதம்.

"ரெண்டு தரம் எல்லாரும் பாக்கறாங்க, ஒத்துக்கறேன். பாதி டீயை வச்சுட்டு எழுந்து வந்து மூணாவது தரம் பாக்கற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்பார் பக்கத்துக் கொட்டகையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர்.

பிரேக் வேலை என்றால் வாடிக்கையாளர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எவ்வளவு கவனம் பாருங்கள் என்று மெச்சுவார்கள். அது கவனம் இல்லை, பயம் என்பது அவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள் அவள். கல்யாணமான புதிதில் இருவரும் வெளியே கிளம்பித் தெருமுனை வரை போன பிறகு, அவர் மட்டும் திரும்பி ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஏதோ மறந்துவிட்டார் போல என்று அவள் நினைத்தாள். அடுத்த நாளும் ஓடினார். "எங்க வீட்டுப் பூட்டு திருடனால தேயல, இவராலதான் தேஞ்சுது," என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. மகளுக்குப் பதினாலு வயது. மூக்கும் நிறமும் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டவள், பயத்தை மட்டும் அப்பாவிடம் வாங்கியிருந்தாள். நீச்சல் வகுப்பில் குளத்தின் சுவரைப் பிடித்தவள் பிடித்தபடியே வகுப்பை முடித்தாள். பேச்சுப்போட்டி என்றால் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும். அவள் சாலையைக் கடக்கும்போது இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று தலையைத் திருப்புவதைப் பார்த்தால் அவருக்குத் தன் கழுத்தே வலிக்கிற மாதிரி இருக்கும். என்னோடு போகட்டும் இது என்று நினைத்துக்கொள்வார்.

மனைவியின் தம்பி இதற்கு நேர் எதிர். கண்ணாடிக்கடை வைத்திருந்தான். பார்வை மங்கியவர்களுக்கு மூக்குக்கண்ணாடி விற்கிற தொழில். ஆனால் தனக்கு முன்னால் இருக்கும் ஆபத்து மட்டும் கண்ணில் படாது. எங்கேயோ விலைக்கு வந்த பழைய பந்தயக்கார் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றான். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், நீளமான மூக்கு.

"அத்தான், சிக்னல்ல நின்னா தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுது. மானம் போகுது. கேம்ஷாஃப்ட்டை மாத்திக் குடுங்க. நின்னாலே நாலு பேர் திரும்பிப் பாக்கணும்."

"நாலு பேர் திரும்பிப் பாக்கணும்னா கடையில ஓசியா கண்ணாடி குடு மாப்ளே. நாப்பது பேர் பாப்பாங்க."

ரெண்டுதரம் சிரித்துச் சமாளித்தாலும் உள்ளே உதறல்தான். கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிற தண்டு. முட்டை வடிவத்தில் அதில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலச் சுழல ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வை அமுக்கித் திறக்கும். ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். புடைப்பைப் பெரிதாக்கினால் வால்வு ஆழமாக, அதிக நேரம் திறக்கும். எஞ்சின் நிறையக் காற்றைக் குடிக்கும். வேகத்தில் பலம் கூடும். சும்மா நிற்கும்போது மட்டும் அந்தப் பெரிய மூச்சு அதற்குச் செமிக்காது, தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் சத்தத்தைத்தான் கண்ணாடிக்கடைக்காரன் கேட்டான்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். ஆழமாக இறங்கும் வால்வு, மேலே ஏறி வரும் பிஸ்டனில் முட்டினால் கதை முடிந்தது. வால்வின் தலை முறிந்து உள்ளே விழும். எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வண்டி வேகத்தில் இருந்தால் பின் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அப்புறம் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவன் கையில் ஒன்றும் இல்லை.

மாதக்கணக்கில் தட்டிக்கழித்தார். கடைசியில் மச்சினன், "நீங்க பண்ணலேன்னா வேற எவன்கிட்டயாவது விட்டுர்றேன்," என்றான். வேற எவனோ என்றதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. ஒத்துக்கொண்டார்.

புதுத் தண்டு வந்தது. அதோடு புது ஸ்பிரிங்குகளும் வந்தன. பெரிய புடைப்புக்கு ஈடுகொடுக்கிற முரட்டு ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றிலும் நீலக்கோடு. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று பார்க்க அந்த முரடுகள் உதவாது, கையால் அமுக்க முடியாது. அதற்கென்று இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் உண்டு. பேனாவுக்குள் இருக்குமே, அதன் அண்ணன் மாதிரி. அவற்றை முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளில் மாட்டி, எஞ்சினைக் கையால் சுழற்றி, வால்வை விரலால் அமுக்கி, இடைவெளியை அளந்து பார்ப்பார்கள். பார்த்ததும் மெல்லியதைக் கழற்றி முரட்டை மாட்டிவிட வேண்டும். ரெண்டுதரம் அந்த மெல்லிய ஜோடியை ஒரு தகர மிட்டாய் டப்பாவில் வைத்திருந்தார்.

அளந்தார். இடைவெளி தாராளமாகவே இருந்தது. எஞ்சினின் மேல்மூடியைப் பூட்டிய பிறகு, சாவியைத் தொடுமுன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கேயும் இடிக்கவில்லை. சாவியைத் திருப்பினார்.

டிங்கர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வண்டி நின்ற இடத்திலேயே ஒரு தாளத்தில் குலுங்கியது. தடக், தடக், ஒரு சின்ன இழுப்பு, தடக். பெரிய உடம்புக்காரர் ஒருவர் மாடிப்படியில் கால் தாங்கித் தாங்கி இறங்குகிற மாதிரி. மேசைமேல் இருந்த டீ கிளாசில் வளையம் வளையமாக எழுந்தது.

"ரெண்டுதரம், நீங்க இவ்வளவு நாளா எங்கய்யா ஒளிஞ்சிருந்தீங்க?" என்றார் டிங்கர்.

மச்சினன் பானெட்டைக் கட்டிக்கொள்ளாத குறை. அந்தச் சின்ன இழுப்பு மட்டும் ரெண்டுதரத்தின் காதில் எங்கேயோ உறுத்தியது. குனிந்து கேட்டார். "இதுதான் அத்தான், இதேதான்!" என்று அவன் முதுகில் தட்டினான். புதுத் தண்டு, அதன் நடை அப்படித்தான் இருக்கும் என்று நிமிர்ந்துவிட்டார். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கையிலிருந்து இப்படி ஒரு பயமில்லாத சத்தம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஒரு கண்டிப்பு மட்டும் வைத்தார். "இப்ப இருக்கற டேங்க் தீர்ற வரைக்கும் ஸ்பீடு முள்ளு பாதியைத் தாண்டக்கூடாது. புதுச் சாமான் ஒண்ணோட ஒண்ணு பழகணும்."

"சத்தியமா அத்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வண்டியோடு வீட்டு வாசலுக்கு வந்து, "எங்க என் மருமக? வா, மாமா உன்னை பைபாஸ்ல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்," என்றான். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்கிற பார்வை. வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார்.

"போயிட்டு வா. ஒண்ணும் ஆகாது. அப்பா கையால செஞ்ச வண்டி," என்றார். அவரே கதவைத் திறந்து உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்தார். அவள் சிரிக்க முயன்றாள்.

அவர்கள் போன பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். விடுமுறைதான், மேசையை ஒழுங்குபண்ணலாம் என்று வந்தது. கருவிகளைத் துடைத்து அடுக்கினார். மிட்டாய் டப்பாவை எடுத்து மேல்தட்டில் வைக்கப் போனார். டப்பாவுக்குள் எதுவும் குலுங்கவில்லை.

திறந்தார். காலி.

மேசையில் ஒரு துணி குவிந்து கிடந்தது. அதைத் தூக்கினால், அடியில் இரண்டு ஸ்பிரிங்குகள். தடிமனானவை. நீலக்கோடு போட்டவை.

ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. முதல் தரம் அளந்தார், மெல்லியதைக் கழற்றி முரட்டை மாட்டினார், அதுவரை சரி. அப்புறம் மனசு கேட்கவில்லை. எந்த மெக்கானிக்கும் அதற்குமேல் மெனக்கெட மாட்டான். அவர் முரட்டை மறுபடி கழற்றி, மெல்லியதை மாட்டி, இரண்டாம் தரம் அளந்தார். அளந்து முடிக்கவும் மச்சினன் புது சைலன்சரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, "அத்தான், இதைப் பாருங்களேன்!" என்று கூப்பிடவும் சரியாக இருந்தது. போனார். திரும்பி வந்தபோது எல்லாம் மாட்டியிருந்தது போலத்தான் தெரிந்தது. மூடியைப் போட்டுப் பூட்டினார். கையால் சுற்றியபோது இடிக்காததில் என்ன ஆச்சரியம்? கையால் மெதுவாகச் சுற்றும்போது வால்வை மூட மெல்லிய ஸ்பிரிங்கே போதும்.

ஒரு தரத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்தச் சின்ன இழுப்பு என்ன என்று இப்போது புரிந்தது. முதல் சிலிண்டர் சரியாக மூடவில்லை, பாதி செத்துக் கிடந்தது. பெரிய கேமின் தடுமாற்றத்துக்குள் அதன் நொண்டல் மறைந்துகொண்டது. எல்லாரும் மெச்சினது அதைத்தான். மெதுவாகப் போகும்வரை அந்த ஸ்பிரிங் தாக்குப்பிடிக்கும். ஒரு மிதி மிதித்தால் வால்வை இழுத்து மூட அதற்குத் தெம்பு கிடையாது. வால்வு அந்தரத்தில் நிற்கும், பிஸ்டன் ஏறி வரும்.

போனை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி. அந்தக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு எவனுக்கு மணி கேட்கும்? சத்தத்தைக் கூட்டிக் கொடுத்ததே அவர்தானே. மகளின் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

ஒர்க்‌ஷாப் வேனின் சாவியை எடுத்தார். நீலக்கோட்டு ஸ்பிரிங்குகள் இரண்டும் எப்படியோ சட்டைப்பையில் வந்து விழுந்திருந்தன. கதவைப் பூட்டினாரா என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வண்டி ஓட்டினால் சைக்கிள்காரன் டாட்டா காட்டிவிட்டுப் போவான் என்று டிங்கர் கேலி செய்வார். அன்றைக்கு அந்த வேன் அதன் ஆயுளில் போகாத வேகம் போனது. தகரம் எல்லாம் கடகடத்தது. டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? பார்த்தாரே. கால் டேங்க் இருந்ததா, இன்னும் குறைவா? மச்சினன் சத்தியம் செய்தான். கடைக்கு வருகிறவர்களிடம் கீறலே விழாது என்று தினமும் சத்தியம் செய்கிறவன்.

ஞாயிறு டியூட்டிக்குப் போயிருந்த மனைவி கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க? பின்னால ஏன் இவ்வளவு சத்தம்? பாப்பா ஏதாவது சாப்பிட்டாளா?"

பொய் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. "அந்த வண்டியில தப்பு பண்ணிட்டேன். முதல் சிலிண்டர். வேகமா போனா எஞ்சின் பிடிச்சுக்கும். பாப்பா அதுலதான் போயிருக்கா. உன் தம்பி போனை எடுக்க மாட்டேங்கறான்."

அந்தப் பக்கம் லேபின் மெஷின் ஓடுவது கேட்டது. பிறகு அவள் குரல், நிதானமாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி: "நான் அவனுக்குக் கூப்பிட்டுட்டே இருக்கேன். நீங்க ரோட்டைப் பாருங்க. போனை வைங்க." வைப்பதற்கு முன் அந்தக் குரல் உடைந்ததையும் அவர் கேட்டார்.

பைபாஸில் ஏறியதும் தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. சாலையோரம் ஆட்கள், நின்றுபோன வண்டிகள், ஒருவர் கையைத் தலையில் வைத்திருந்தார். அவருடைய கால் பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா என்று தெரியவில்லை. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அவர் மகளின் பள்ளிக்கூடப் பையைப் பார்த்துவிட்டார், அதை அணைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார், தான் அவளுக்குப் பெல்ட் மாட்டின கையைப் பார்த்துவிட்டார். கிட்டே போனால், டயர் வெடித்த ஒரு லாரி. சாலை முழுக்க வெங்காயம். தலையில் கை வைத்திருந்தவர் டிரைவர். வெங்காயத்தின்மேல் வேனை ஏற்றிக்கொண்டே கடந்தார். பின்னால் யாரோ அவருடைய பரம்பரையையே திட்டினார்கள்.

முதலில் காதுக்குத்தான் கிடைத்தது. தடக், தடக், சின்ன இழுப்பு, தடக். பெட்ரோல் பங்க். உள்ளே, வெளியேறும் வழியைப் பார்த்தபடி கார் உறுமிக்கொண்டு நின்றது. பங்க்கில் வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று ரசித்தார்கள். பெட்ரோல் போட்டு முடிந்திருந்தது. டேங்க் தீர்ந்தது, கண்டிப்பும் தீர்ந்தது.

வேனைக் கொண்டுபோய் அந்த வெளிவழியின் குறுக்கே நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். யாருக்கும் குறுக்கே நின்று பழக்கமில்லாத மனிதர், கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி, காரின் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். சத்தம் அறுந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

"பாப்பா எங்கடா?"

"அத்தான்! நீங்க எங்க இங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"பாப்பா எங்க?"

"பாத்ரூம் போனா. போய் எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? டேங்க் போட்டாச்சு, இனிமே ஒரு மிதி மிதிக்கறேன் பாருன்னு சொன்னேன். உடனே வயித்துவலின்னுட்டா. நானும் எவ்வளவு நேரம்தான் பெண்கள் பாத்ரூம் வாசலைப் பாத்துட்டு நிக்கறது? எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

ரெண்டுதரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஸ்பிரிங்குகளை எடுத்து மச்சினனிடம் காட்டினார். "இது ரெண்டும் உள்ள இருக்கணும். இல்ல. நீ மிதிச்சிருந்தா…"

அவன் முதலில் சிரித்தான். அத்தானின் வழக்கமான பயம் என்று நினைத்திருப்பான். பிறகு அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்ததைக் கேட்டான். காரின் கதவைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டான்.

மகள் வாசலில் தலையை நீட்டினாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அப்பா, எனக்கு நெஜமா வயித்துவலி இல்ல. பொய் சொன்னேன். பயமா இருந்துச்சு."

"தெரியும்."

"திட்டுவீங்களா?"

அவர் அவள் முகத்தைத் தன் கிரீஸ் கையால் பிடித்தார். நெற்றியில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. "உள்ள கதவைத் தாழ்ப்பாள் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டு, இழுத்துப் பாத்தேன்."

"எத்தனை தரம்?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அம்மாவின் அழைப்புகள் மச்சினனின் போனில் வரிசையாக நின்றன. மகளே கூப்பிட்டுப் பேசினாள். போனைக் கைமாற்றி வாங்கியவன், வாங்கியதிலிருந்து வைக்கும்வரை "சரிக்கா, சரிக்கா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. மூடியைத் திறந்து பார்த்தபோது முதல் சிலிண்டரில் அந்த மெல்லிய ஜோடி, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்று வளைய ஆரம்பித்திருந்தது. ரெண்டுதரம் அதை டிங்கருக்குக் காட்டினார். டிங்கர் கேலி செய்யவில்லை.

முரட்டு ஸ்பிரிங்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது சத்தம் மாறியிருந்தது. உறுமல் இருந்தது, தாளம் இருந்தது. அந்தச் சின்ன இழுப்பு மட்டும் இல்லை. மச்சினன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அன்னைக்கு இருந்த சத்தம் இல்லையே அத்தான்," என்றான், வாய் தவறி.

ரெண்டுதரம் அவனைப் பார்த்த பார்வையில், "இல்ல, இதுவே நல்லாத்தான் இருக்கு," என்று காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஒரு புது வழக்கம் வந்தது. கேம் வேலை நடக்கும் வண்டியின் டிரைவர் சீட்டில் அந்த மிட்டாய் டப்பா இருக்கும், மூடி திறந்தபடி. மெல்லிய ஸ்பிரிங் இரண்டும் அதில் வந்து படுக்காமல் யாரும் அந்த சீட்டில் உட்கார முடியாது. இரண்டாம் தரம் அளப்பதை அவர் விடவில்லை, விடவும் முடியாது. எங்காவது தெருவில் அப்படி ஒரு கார் தடக், தடக் என்று போனால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை நொண்டல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே யார் பிள்ளை இருக்கிறதோ.

சில வாரம் கழித்து மச்சினன் மறுபடி வாசலில் வந்து நின்றான். ஹாரன்கூட அடிக்கவில்லை. மெதுவாகத்தான் போவேன் என்று கேட்காமலே சொன்னான். ரெண்டுதரம் மகளைப் பார்த்தார். இந்தத் தடவை போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அவள் காரைச் சுற்றி வந்தாள். பானெட்டில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அப்பாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"டப்பா எங்க?"

அவர் உள்ளே போய் எடுத்து வந்து திறந்து காட்டினார். நேராக ஒன்று, லேசாக வளைந்த ஒன்று. அவள் விரலால் இரண்டையும் தொட்டாள். மூடினாள். காரின் கதவு வரை போனவள் நின்று திரும்பினாள்.

"இன்னொரு தரம் காட்டுங்கப்பா."

அவர் மறுபடி திறந்தார்.